தயாளனுக்குப் பதில் தணிகாசலம்

மதியம் சீரியல் ஓடுகிற ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணிவரை, வீட்டுக்கு வந்தது யாராக இருந்தாலும், கட்டின புருஷனே ஆனாலும், தட்டைத் தானே எடுத்துச் சோற்றைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்பது சட்டமாக இருந்த காலத்தில், போரூரைத் தாண்டிய முத்தமிழ் நகரின் நான்காவது தெருவில், வேதவல்லியம்மா வீட்டு மொட்டைமாடி ஒற்றை அறையில், தணிகாசலம் என்றொரு சீரியல் நடிகர் குடியிருந்தார். அவர் முகம் தெரியாத வீடு தமிழ்நாட்டில் கிடையாது. அவர் பெயர் தெரிந்த வீடு எங்கள் தெருவைத் தாண்டினால் கிடையாது. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அரக்கோணத்திலிருந்து இருபத்துநாலு வயதில் கதாநாயகன் ஆவதற்கென்றே ரயிலேறி வந்தவர், இரண்டு வருஷம் கம்பெனி கம்பெனியாகப் போட்டோ கொடுத்துக் கால் தேய்ந்து, கடைசியில் ஒரு மதிய சீரியலின் படப்பிடிப்பு வீட்டில் நாற்காலி எடுத்துப் போடுகிற வேலையில் நின்றார். ஒருநாள் அந்த சீரியலின் மூத்த மகன் தயாரிப்பாளரோடு சண்டை போட்டுக்கொண்டு, மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார். விளக்குகள் எரிகின்றன, கேமரா ஓடுகிறது, அம்மாவாக நடிக்கிறவர் கையில் பிசைந்த சோற்றை வைத்துக்கொண்டு யாருக்கு ஊட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். "யாராவது ஒருத்தன் வந்து வாயைத் திறங்கப்பா" என்று இயக்குநர் கத்தினார். பக்கத்தில் நின்ற தணிகாசலம் வாயைத் திறந்தார். மறுநாள் அந்தக் காட்சி ஒளிபரப்பானபோது அவர் நெஞ்சுக்குக் கீழே, சிவப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்தில், 'இவருக்குப் பதில் இனி இவர்' என்று ஓடியது.

அன்று பிடித்தது. அதன்பின் இருபத்திரண்டு வருஷம், முப்பத்தோரு சீரியல், எல்லாவற்றிலும் அவர் பதில்தான். காலை ஆறு மணிக்குப் போன் அடித்தால் எங்கோ ஒரு நடிகர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார் என்று அர்த்தம். பழைய நடிகர் நீலக் கட்டம் போட்ட சட்டையில் அறைக்குள் போயிருந்தால் இவர் அதே நீலக் கட்டச் சட்டையில் வெளியே வரவேண்டும். அது அக்குளில் பிடிக்கும், அல்லது தோளில் தொங்கும், யாருடைய வியர்வை வாசனையோ இருக்கும், போட்டுக்கொண்டு வருவார். சுவரில் மாட்டிய குடும்பப் படத்தில் பழைய தலையை வெட்டிவிட்டு இவர் தலையை ஒட்டுவார்கள். ஒன்பது மனைவிகளுக்குப் புருஷனாக இருந்தார். ஒருத்தியின் கல்யாணத்தையும் பார்த்ததில்லை. ஒருமுறை கடுமையான குடும்பச் சண்டையின் நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சண்டை எதைப் பற்றியது என்று யாரும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. "இத்தோட நிறுத்திக்க" என்று ஒரு சத்தம் போட்டார், அது சரியாகப் பொருந்திவிட்டது.

எங்கள் பெண்கள் அவருக்கு மூன்று நாள் கொடுப்பார்கள். முதல் நாள், "ச்சே, பழைய ஆள் மாதிரி வரவே வராது" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இரண்டாம் நாள், "மூக்கு கொஞ்சம் பரவாயில்ல" என்பார்கள். மூன்றாம் நாள் பழைய ஆள் என்று ஒருவர் இருந்ததே நினைவில் இருக்காது, இவர் அழுதால் அழுவார்கள், இவர் கையை ஓங்கினால் டிவியைப் பார்த்துச் சாபம் விடுவார்கள். எத்தனையோ பேர் இந்த மூன்று நாளைத் தாண்ட முடியாமல் போயிருக்கிறார்கள். தணிகாசலம் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

அவருக்கு நாற்பத்தைந்து வயது நடக்கும்போது, வேதவல்லியம்மாவின் பேத்திக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் ஞானசேகர் குவைத்தில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. குழந்தையை மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும் என்று ஆசாரி ஒற்றைக்காலில் நிற்கிறார், நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, வேதவல்லியம்மா மூக்கைச் சிந்துகிறார். சாப்பிட வந்திருந்த தணிகாசலம், "நான் வேணும்னா கொஞ்சம் உட்காரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே பாயில் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். வைத்ததும் அவர் நெஞ்சுக்குக் கீழே, சிவப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்தில், 'ஞானசேகருக்குப் பதில் தணிகாசலம்' என்று வந்தது.

அங்கிருந்தவர்கள் எல்லோரும் வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் வாசித்துச் சொன்னார்கள். "ஞானசேகர் இன்னும் கொஞ்சம் செவப்பா இருப்பான்" என்று ஒரு சித்தி முணுமுணுத்தார், ஆசாரி காதைக் குத்தினார், குழந்தை வீரிட்டது, பந்தி போட்டார்கள். மூன்றாம் நாள் குவைத்திலிருந்து வீடியோவில் பேசிய ஞானசேகரே தணிகாசலத்தைப் பார்த்து, "மாமா, பாப்பா ரொம்ப அழுதாளா?" என்று கேட்டான்.

அதன்பிறகு எங்கள் தெருவுக்கு எந்தக் குறையும் இல்லை. கல்யாணத்தில் பொரி போட அண்ணன் இல்லாத பெண்ணுக்கு அண்ணனாக நின்று பொரி அள்ளிப் போட்டார், பட்டை வந்தது. கேரம் போட்டியில் நாலாவது ஆள் வராதபோது உட்கார்ந்தார், பட்டை வந்தது, தோற்றார். எங்கள் கவுன்சிலர் எந்தக் கூட்டத்துக்கும் வராதவர். ஒருநாள் அவருடைய காலி நாற்காலியில் இவரை உட்காரவைத்தோம், பட்டை வந்தது, ஒரு வாரத்தில் தெருவிளக்கு எரிந்தது. கடைக்கோடி வீட்டு வாத்தியார் மனைவியோடு முறைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அந்த அம்மாள் தணிகாசலத்தைக் கூப்பிட்டு, வாசல் நாற்காலியில் உட்காரவைத்து, கையில் காபி கொடுத்து, எல்லோரும் பார்க்கும்படி பேப்பர் படிக்கச் சொன்னார். விஷயம் போய்ச் சேர்ந்ததும், மூன்றாம் நாள் ஆகிவிடப் போகிறதே என்று பதறி, இரண்டாம் நாளே வாத்தியார் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். ஏன் இப்படி எழுத்து வருகிறது என்று நாங்கள் யாரும் ஆராய்ச்சி பண்ணவில்லை. டிவியில் வருகிறது, நேரிலும் வருகிறது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் குணசுந்தரி என்பவர் இட்லி மாவுக் கடை வைத்திருந்தார். அவருடைய கணவர் தயாளன், ஏசி மெக்கானிக், கெட்டிக்காரர், சிரித்த முகம். ஒரு சித்திரை வெயிலில் கல்யாண மண்டபத்து மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அது நடந்து நாலு வருஷம். மகள் சுடர்விழி ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் அப்பாக்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தபோது, அவளே மாடியேறி வந்து, "அங்கிள், நாளைக்கு நீங்க ஃப்ரீயா?" என்று கேட்டாள். தணிகாசலம் போனார். கோட்டில் நின்றதும், 'தயாளனுக்குப் பதில் தணிகாசலம்' என்று வந்தது. ஓடினார், கடைசிக்கு முந்தின ஆளாக வந்தார்.

"எங்க அப்பாவா இருந்தா செகண்டாவது வந்திருப்பாரு" என்றாள் சுடர்.

"வந்திருப்பாரும்மா. அவரு ஏணியில ஏறுற வேகத்தை நான் பார்த்திருக்கேன்" என்றார் தணிகாசலம், மூச்சு வாங்கிக்கொண்டே.

மூன்றாம் நாள் தெருவே பழகிவிட்டது. சுடர் மட்டும் பழகவில்லை, அங்கிள் என்றே கூப்பிட்டாள். அது தணிகாசலத்துக்குப் பிடித்திருந்தது. மகளை விழாவுக்கு அழைத்துப் போனதற்கு நன்றி சொல்ல குணசுந்தரி ஒரு பாத்திரம் மாவு கொடுத்தனுப்பினார், பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க இவர் போனார், அதிலிருந்து தினமும் மாவு வாங்கப் போனார். படப்பிடிப்பில் மூன்று வேளையும் சாப்பாடு போடுகிறார்கள். ஒண்டிக்கட்டை மனுஷன் தினமும் ஒரு கிலோ மாவை என்ன செய்வார்? தோசையாகச் சுட்டு அக்கம்பக்கத்துக்கு விநியோகம் செய்தார். அந்தத் தோசை எங்களுக்குத் திகட்டிப்போகிற அளவு வருஷம் ஓடியபிறகுதான், மிக்க தைரியத்தோடு, கடை வாசலில் நின்று அவர் பேச்செடுத்தார்.

"மாவைத் தூக்கிட்டு தினமும் மாடியேற முடியலைங்க."

"அதுக்கு?" என்றார் குணசுந்தரி, கரண்டியைக் கீழே வைக்காமல்.

"இங்கயே சுட்டுச் சாப்பிட்டுடலாமான்னு பார்க்கறேன்."

குணசுந்தரி வெகுநேரம் மாவையே கலக்கிக்கொண்டிருந்தார். காதுவரை சிவந்துபோயிருந்தது. "சுடர்கிட்ட கேளுங்க" என்றார். சுடர் யோசித்துவிட்டு, அடுத்த வருஷத்துக்குள் தினமும் ஓடிப் பழகுவதாக இருந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் தெருவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சந்தோஷத்தில் நாங்கள் எதைச் செய்தாலும் அளவு தெரியாமல்தான் செய்வோம். பத்திரிகை அடிக்கிற பொறுப்பை வேதவல்லியம்மா எடுத்துக்கொண்டார், பேனர் வைக்கிற பொறுப்பை இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். எப்படியும் மணையில் உட்கார்ந்ததும் அந்த எழுத்து வரத்தான் போகிறது, வரப்போவதை முன்கூட்டியே போட்டுவிட்டால் வெளியூர்க்காரர்கள் குழம்பமாட்டார்கள் என்று இரண்டு தரப்பும் கலந்து பேசாமலேயே ஒரே முடிவுக்கு வந்தன. பத்திரிகையில் மணமகன் என்ற இடத்தில் 'தயாளனுக்குப் பதில் தணிகாசலம்' என்று இருந்தது. தெருமுனையில் இருபதடி பேனரில், சிரிக்கிற தணிகாசலத்தின் நெஞ்சுக்குக் கீழே, சிவப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்தில், அதே வாசகம் இருந்தது. அதற்கும் கீழே கூலிங்கிளாஸ் போட்ட இருபத்தேழு பேர் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

படப்பிடிப்பு முடிந்து மாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கிய தணிகாசலம் பேனரை அண்ணாந்து பார்த்தார். மாடியேறிக் கதவைச் சாத்தினார். மறுநாள் மாவுக் கடைக்கு வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வேதவல்லியம்மாவிடம், "கல்யாணம் வேணாம்னு குணசுந்தரிகிட்ட சொல்லிடுங்கம்மா. என் வாயால சொல்ல முடியலை" என்றுவிட்டுப் படப்பிடிப்புக்குப் போய்விட்டார்.

"தப்பா என்ன போட்டோம்?" என்று வேதவல்லியம்மா எங்களைக் கேட்டார். எங்களுக்கும் புரியவில்லை.

அவருக்கு ஆத்திரம் எங்கள்மேல் இல்லை. பயம். முப்பத்தோரு வீடுகளில் அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவருக்கு முப்பத்திரண்டாவது வீடும் முடியாததல்ல; ஆனால் இந்த ஒரு வீட்டில் அவர் அப்படி உட்கார விரும்பவில்லை. தாலி கட்டுகிற நேரத்தில் அந்த எழுத்து வந்துவிட்டால், ஆயுசுக்கும் தயாளனின் தட்டில் தயாளனின் சோற்றைத் தின்கிறவராகத்தான் இருக்கவேண்டும். மூன்றாம் நாள் எல்லோரும் பழகிவிடுவார்கள், குணசுந்தரியும் பழகிவிடுவார்.

அன்று மதியம் ஒரு மணிக்கு குணசுந்தரி கடை ஷட்டரை இறக்கினார். தயாளன் போன பிறகு பண்டிகைக்குக்கூட அந்த நேரத்தில் மூடாத கடை. ஷேர் ஆட்டோ பிடித்து, விசாரித்து விசாரித்து, காரம்பாக்கத்தில் படப்பிடிப்பு நடந்த பங்களாவுக்குப் போய் இறங்கினார். சாப்பாட்டு இடைவேளை. கார் ஷெட்டில், யாருக்கோ தைத்த பழுப்புநிற ஜிப்பாவில், கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்க, தணிகாசலம் தட்டோடு உட்கார்ந்திருந்தார். குணசுந்தரியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"உட்காருங்க. சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க" என்றார் குணசுந்தரி. "வேதவல்லியம்மாவைத் தூது அனுப்புற வயசா உங்களுக்கு?"

"பேனர் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கண்றாவியாத்தான் இருக்கு. உங்களுக்கு அதுல மீசை வேற வரைஞ்சிருக்கானுங்க."

"அதுல போட்டிருக்கறது நிஜமாவே வந்துட்டா?"

"வந்தா வரட்டும். நான் ஒண்ணு சொல்றேன். அவருக்குப் பதில் ஒரு ஆள் வேணும்னு நான் எவன்கிட்டயும் கேட்கலை. அவரு இடம் அவருக்கு. அதுல நீங்க உட்கார வந்தாலும் நான் விடமாட்டேன். அவரோட சட்டை ஒண்ணுகூட இப்ப என் வீட்டுல இல்லை, எல்லாத்தையும் ஆசிரமத்துக்குக் குடுத்துட்டேன். வர்றதுன்னா உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க."

தணிகாசலம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மூணு நாள்ல எல்லாரும் என்னைப் பழகிடுவாங்க குணா. அது எனக்குத் தெரிஞ்ச விஷயம். நீங்களும் பழகிட்டீங்கன்னா, அப்புறம் அந்த இடத்துல நான் இருந்தா என்ன, இன்னொருத்தர் இருந்தா என்ன" என்றார்.

குணசுந்தரிக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்க பழகினேன்? ஒரு வருஷமா பார்க்கறேன், இன்னும் பழகலையே! தினமும் அஞ்சரை மணிக்கு நீங்க கடை வாசல்ல வந்து நின்னா கை ஓடமாட்டேங்குது. எல்லாருக்கும் சரியா ஊத்தறவ, உங்களுக்கு மட்டும் ரெண்டு கரண்டி கூட ஊத்திடறேன். கடையே நஷ்டத்துல போகுது, இந்த மனுஷன் வந்து பழகிடுவீங்கன்னு சொல்றாரு!"

அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்த லைட்மேன்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பெரிய பெரிய கண்ணீர்க் காட்சிகளை நாள் பூராவும் பார்க்கிறவர்கள். அவர்களில் ஒருவர் கைகழுவாமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகாய் பட்டுத் துள்ளினார். தணிகாசலம் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து குணசுந்தரியிடம் நீட்டினார். அவர் வாங்கிக் கடித்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை ஒன்பதரைக்கு முகூர்த்தம். லேட்டா வந்தா மாவு பொங்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தெருமுனை முருகன் கோவிலில் எங்கள் தெருவும் பக்கத்து மூன்று தெருக்களும் ஒன்றாக நின்றன. பேனரை நாங்களே வெட்கப்பட்டுக் கழற்றிவிட்டோம். தணிகாசலம் தானே போய் எடுத்த புதுச்சட்டையில், கழுத்துப்பட்டை உறுத்த, தோள் சரியாகப் பொருந்த, வந்தார். கோயம்பேட்டிலேயே மிகக் கனமான ரோஜா மாலையாகப் பார்த்து வாங்கி வந்து போட்டுக்கொண்டார். நெஞ்சு மட்டுமல்ல, வயிறும் மறைந்துபோனது. எழுத்து வந்தாலும் மாலைக்குள்ளேயே அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார் பாவம்.

குருக்கள் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே ஒரு கண்ணை மாலைமேல் வைத்திருந்தார். போட்டோக்காரர் முகத்தைவிட மாலையைத்தான் அதிகம் எடுத்தார். மணையில் உட்கார்ந்தார்கள், எழுத்து வரவில்லை. கங்கணம் கட்டினார்கள், வரவில்லை. "என்னடி இது, இன்னும் போடலை" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கவலைப்பட்டது. வேதவல்லியம்மா திரும்பி ஒரு முறை முறைத்தார். குணசுந்தரி தலையைக் குனிந்துகொண்டார், தணிகாசலம் தாலியை எடுத்தார், கெட்டிமேளம் கொட்டியது, அவர் கைகள் பின்கழுத்தில் முதல் முடிச்சைப் பாதி போட்டிருந்தபோது, அவ்வளவு பெரிய மாலையை லட்சியம் பண்ணாமல், அதற்கும் முன்னால், சிவப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்து பளிச்சென்று வந்து நின்றது.

மேளக்காரரும் வாசித்திருக்க வேண்டும், மேளம் நின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் வாசித்தோம். எழுத்து எங்களைப் பார்த்து இருக்கும், அவருக்குத் தெரியாது. எங்கள் முகங்களைத்தான் அவர் பார்த்தார், அவற்றில் எதையும் கண்டுபிடிக்க முடியாமல் கண்களை இறுக்க மூடிக்கொண்டார்.

"என்ன போட்டிருக்கு?" என்று குணசுந்தரியின் காதருகே கேட்டார்.

"குனிஞ்சிருக்கேன், எனக்கும் தெரியலை" என்றார் குணசுந்தரி. "சுடர், நீ படிம்மா."

பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுடர் மணைக்கு முன்னால் வந்து நின்றாள். "அறிமுகம்" என்று படித்தாள். "தணிகாசலம்."

"யாருக்குப் பதில்னு போட்டிருக்கும், நல்லாப் பாரும்மா."

சுடர் குனிந்து பட்டையின் அடியில் பார்த்தாள், எட்டி அதற்குப் பின்னாலும் பார்த்தாள்.

"யாருக்கும் பதில் இல்லை அங்கிள்" என்றாள். "நீங்க புதுசு."